அசைவு நின்ற புழு

மகனின் மூக்கோரம் மறுபடியும் கசிந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றியெடுத்தாள் செல்லியம்மாள்.

"வுடுக்கா. மழை வர்றதுக்குள்ள மண்ணு தள்ளணும்," என்று தம்பி முனிசாமி அவள் கையைப் பிடித்து விலக்கினான்.

பாடையைத் தூக்கினார்கள். வார லீவுக்கு வீட்டுக்கு வந்த வெற்றிச்செல்வன், மலைப்பாதை வளைவில் ஈரத்தில் பைக் சறுக்கி விழுந்து செத்திருந்தான். பெண்கள் தெருமுனைவரை அழுதுகொண்டே போனார்கள். செல்லியம்மாளால் எழ முடியவில்லை. யானைக்கால் நோயில் வீங்கிய வலதுகால் ராத்திரியிலிருந்து நெருப்பாகக் காய்ந்தது.

வாசலில் அவளோடு பிரியதர்ஷினி மட்டும் நின்றாள். வேலூரில் வெற்றியோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண். சேதி கேட்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"அங்க இன்னாதாம்மா பண்ணான் அவன்? கேட்டா, புழுவுக்கு மருந்து வெக்கிறேன்னு சிரிப்பான்."

"அதான்மா வேலை. யானைக்கால் புழுவ பிளாஸ்டிக் தட்டுல இருக்குற சின்னச் சின்னக் குழியில வுட்டு, குழிக்கு ஒரு மருந்து ஊத்துவோம். அப்பறம் மைக்ராஸ்கோப்புல பாப்போம், அசையுதா நின்னுச்சான்னு. ஆயிரக்கணக்குல பாத்தாச்சு. நெளிஞ்சிகினேதான் இருக்கும்."

"ஒண்ணுலகூட சாவலியா?"

"போன வாரம் ஒண்ணுல நின்னுச்சு. அவருதான் மொதல்ல பாத்தாரு. வராண்டா வரைக்கும் கேக்குற மாதிரி கத்துனாரு." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மனுசங்களுக்கு ஒத்துக்குமான்னு இனிமேதான் பாக்கணும். வருசக்கணக்கா ஆவும்."

"அதச் சொல்லத்தான் வந்தானோ இன்னாவோ."

பறைச் சத்தம் ஏரிப் பக்கம் இறங்கிவிட்டது. செல்லியம்மாள் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மருந்து வந்தா எங்காலு வடிஞ்சிடுமா?"

பிரியதர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லம்மா. புழு செத்தாலும் இவ்ளோ வீங்குன காலு பழையபடி ஆவாது. இனிமே வர்ற புள்ளைங்களுக்கு வராமப் பண்ணலாம்."

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியும்மா."

செல்லியம்மாள் தலையாட்டினாள். 'இன்னும் கொஞ்ச நாளும்மா, மலையேறி சாமி கும்புட்டு வர்லாம்' என்று அவன் சொன்னபோதெல்லாம் அவன் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். அவள் அப்போது அவன் முகத்தைப் பார்த்ததேயில்லை. தன் காலைத்தான் பார்த்திருந்தாள்.

அந்தக் காலின் விரலிடுக்கில் நீர் வடிவதைப் பிரியதர்ஷினி கவனித்துவிட்டாள். கேட்காமலே உள்ளே போய் அண்டாவிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தாள். சோப்பும் கொண்டுவந்தாள்.

"வாணாம்மா. சாவு வூட்டுக்கு வந்த புள்ள நீ..."

அவள் கேட்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீரை மெல்ல ஊற்றி, பாதத்தை மடிப்பு மடிப்பாகச் சோப்பு போட்டுக் கழுவினாள். தன் துப்பட்டாவால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஈரம் போகத் துடைத்தாள்.

ஏரிப் பக்கம் பறை நின்றுபோனது.

கெண்டைக்காலுக்குத் தண்ணீர் மொண்ட பிரியதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். செல்லியம்மாள் புடவை நனையாதபடி அதை முழங்கால்வரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.