கொலுத் தீவில் நகர்ந்த சங்கு

நவராத்திரியின் மூன்றாம் நாள் காலையும் சங்கு இடம் மாறிக் கிடந்தது. ரேவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவள் வைக்கும் கொலுவுக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் உண்டு. இந்த வருஷம் படிகளுக்குக் கீழே ராமேஸ்வரம் தீவையே உண்டாக்கியிருந்தாள். மகாளய பட்சத்தில் அங்கே போய்க் கணவர் லட்சுமணன் தர்ப்பணம் கொடுத்தபின், இருவரும் தனுஷ்கோடி வரை சென்று வந்த சூடு இன்னும் ஆறவில்லை. குளம்போல் அடங்கிக் கிடக்கும் பெண் கடலுக்கு ஒரு தாம்பாளம் தண்ணீர். ஓயாமல் அறையும் ஆண் கடலுக்கு இன்னொன்று. நடுவே மணல், ஓலைக் குடிசை, உலரும் வலை, இடுப்பளவு நீரில் கடற்பாசி பறிக்கும் களிமண் பெண்கள். கோயில் வாசலில் அந்தச் சங்கு.

எலுமிச்சம்பழம் அளவுதான். அங்கே கடைகளில் பளபளவென்று விற்றார்கள். ‘ராமர் கால் பட்ட மணலில் கிடப்பதல்லவா புண்ணியம்!’ என்று ரேவதி தன் கையால் பொறுக்கி, துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

அது இப்போது குடிசையருகே கிடந்தது. பாசி பறிக்கும் பெண் ஒருத்தி தலைகுப்புற விழுந்திருந்தாள். கலசத்துக்கு முன் வைத்த தேங்காய் மூடியையும் யாரோ சுரண்டியிருந்தார்கள்.

வீட்டு வேலைக்கு வரும் பொன்னியம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“பொன்னியம்மா, கொலுகிட்ட துடைப்பம் போகக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் அந்தாண்ட போவவே இல்லம்மா. இப்பத்தான் கூடத்துக்கே வந்துகினு கீறேன்.”

“அப்ப சங்குக்குக் கால் முளைச்சு நடந்துதா? தேங்காயும் தானா குறைஞ்சுதா?”

பொன்னியம்மா நிமிர்ந்தாள். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

“சாமி தேங்காய தின்னேன்றீங்களா? ஏழு வர்சமா இந்த ஊட்ல ஒரு வெல்லக்கட்டி தொட்டதில்ல. வரேம்மா.”

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்பாளுக்குச் சுண்டல் வேகும். அடுப்படியில் பாத்திரம் குவியும். மழை ஈரத்தில் நடந்து வந்தவர்களின் கால்தடம் கூடமெல்லாம் பதியும். அதைத் துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். பருப்பு அடிப்பிடித்தது, குழாயில் தண்ணீர் நின்றது. தீவைக் குனிந்து பார்க்கக்கூட நேரமில்லாமல் ரேவதி எரிந்து எரிந்து விழுந்தாள். தெய்வ காரியம் செய்கிற மனதில் தெய்வம் மட்டும் இல்லை.

“நீயே போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன்” என்றார் லட்சுமணன்.

“தப்பு பண்ணினவ வரட்டும்.”

ஆறாம் நாள் விடியலில் சங்கு தேங்காய் மூடியின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது.

“ஏங்க, இதைத் தொட்டீங்களா?”

“எனக்குப் பொழுதன்னைக்கும் ஃபேக்டரியில சாமான் நகர்த்தறதே போதும். உன் தீவையும் நான் நகர்த்தணுமா?”

அப்படியானால் யார்? பொன்னியம்மா இந்த வீட்டு வாசலை மிதித்து மூன்று நாளாகிறது. ரேவதி குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். சங்கின் வாயிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு கொடுக்கு நீண்டது. பின்னால் மெலிந்த கால்கள் நாலைந்து. தேங்காயை ஒரு கிள்ளு கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு அந்தச் சங்கையே முதுகில் சுமந்தபடி மெல்ல இறங்கி, பெண் கடலின் ஓரம்போய் நின்று தண்ணீர் தொட்டது.

காலியான சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. குடியிருந்த வீட்டோடு அதைத் தூக்கி வந்துவிட்டாள். ரேவதிக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தான் சொன்ன வார்த்தைக்குத்தான் கால் முளைத்து, இத்தனை நாள் கூடத்தில் உலாவியிருக்கிறது.

ஒரு கிண்ணத்தில் மணலும் நண்டுமாக எடுத்துக்கொண்டு, அண்ணனூர் ரயில்வே கேட்டைத் தாண்டிப் பொன்னியம்மாவின் வீட்டைத் தேடிப் போனாள். ஏழு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவள் நுழைவது அதுவே முதல் தடவை.

பொன்னியம்மா வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். வா என்று சொல்லவில்லை. கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அடப் பாவமே! உசுரு கீறதயா பொம்மையில வெச்சிகினீங்க?”

“தெரியலை பொன்னியம்மா. உன்னைத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சுடு. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வா.”

“பாத்திரம் தேய்க்கவா?”

“இல்லை. தாம்பூலம் வாங்கிக்க.”

பொன்னியம்மா கையிலிருந்த துணியை இன்னொரு முறை முறுக்கிப் பிழிந்தாள். ஏழு நவராத்திரி வந்துபோயும் அந்த வீட்டில் அவளை யாரும் அப்படி அழைத்ததில்லை. ரேவதிக்கு அது அப்போதுதான் உறைத்தது, தலை தாழ்ந்தது.

“அத்த அப்பால பாக்கலாம்” என்று பொன்னியம்மா ஈரத்துணியைக் கிண்ணத்தின்மேல் போட்டாள். “மொதல்ல இத்த கடலாண்ட வுடணும். எங்க அக்கா ஊடு காசிமேட்லதான் கீது. பத்தரை வண்டி புடிச்சா மத்தியானம் வந்துர்லாம்.”

“நானும் வரேன்.”

“கொலுவுக்கு யாரு சுண்டல் செய்வா?”

“அம்பாள் ஒரு நாள் பொறுத்துப்பா.”

அன்று மாலை ரேவதி வீட்டில் கடையில் வாங்கிய பொரிகடலைதான் நைவேத்தியம். பொன்னியம்மா தலை வாரி, பூ வைத்து, மற்றப் பெண்களோடு பாயில் அமர்ந்திருந்தாள். முதல் வெற்றிலை பாக்கை ரேவதி அவளுக்குத்தான் கொடுத்தாள்.

மாடி வீட்டு ஸ்வாதி தீவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “கோயில் வாசல்ல ஒரு சங்கு இருந்துதே, எங்கே மாமி?”

ரேவதி வாயைத் திறப்பதற்குள் பொன்னியம்மா முந்திக்கொண்டாள்.

“அதுக்குக் காலு மொளச்சி நடந்து பூட்ச்சும்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். ரேவதியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டுதான்.