தங்கம் தேடிய ஊர்

1914-இல் போர் மூண்ட அந்த ஆகஸ்டில், பிரெஞ்சுக்காரர்கள் தங்கத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியில் எங்கள் பவேரியா வழியாக ரஷ்யாவுக்கு ஓடுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. எங்கள் ஊர்த் தலைவர் கோர்பினியனுக்கு அதெல்லாம் தேவைப்படவும் இல்லை. சாலையின் குறுக்கே வைக்கோல் வண்டியை நிறுத்தி, முயல் சுடும் துப்பாக்கியோடு உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நிஜமாகவே ஒரு கார் வந்தது. ஓட்டி வந்தவர் ஒல்லியான இளைஞர். அவர் பெட்டியைத் திறந்தால் சின்னச் சின்னத் தங்கத் தகடுகள்.

"நான் பல் டாக்டருங்க. இது பல் அடைக்கிற தங்கம். அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம், அங்கதான் போறேன்."

"மிச்சத்தை எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?" என்றார் தலைவர். இருக்கையைக் கிழித்துப் பார்த்தோம். உள்ளே அடைத்திருந்த குதிரை மயிர்தான் வந்தது.

மதுக்கடைக்கார வல்பூர்கா, வீங்கிய கன்னத்தில் துணி கட்டியபடி வந்தாள். "தலைவரே, என் கடைவாய்ப் பல்லை இவன் பிடுங்கட்டும். வலிக்காம பிடுங்கினா டாக்டர். வலிச்சா உங்க இஷ்டம்."

ஊசி போட்டார், பிடுங்கினார். வல்பூர்கா துப்பிவிட்டு, "டாக்டர்தான்" என்றாள்.

உடனே பாதி ஊர் வரிசையில் நின்றது. கடைசியாகத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தலைவரும் உட்கார்ந்தார்.

"மரத்துப்போற மருந்து தீர்ந்துபோச்சுங்க," என்றார் டாக்டர்.

"பாதி புட்டி இருந்துச்சே?" என்றாள் வல்பூர்கா.

"அது வேற மருந்தும்மா," என்று அவளைப் பார்க்காமலே சொன்னார். தலைவரின் அலறல் தேவாலயம் வரை கேட்டது.

வாயில் பஞ்சோடு தலைவர் ஒரு நற்சான்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஊர்க்காரர்களுக்கும் எங்களுக்கும் மேய்ச்சல் நிலத் தகராறு. அவர்களும் காரை மறித்து, சான்றை வாங்கிப் படித்தார்கள்.

"கோர்பினியனே நல்லவன்னு சொல்றானா? அப்போ உளவாளியேதான். பிடிச்சு அடைங்கடா."

சேதி கேட்டு வல்பூர்கா நடந்தே போனாள். பல் போன இடத்தை அந்த ஊர்த் தலைவருக்குத் திறந்து காட்டி, டாக்டரை மீட்டாள்.

"காரை இங்கயே விட்டுட்டுப் போங்க டாக்டர். நீங்க போற திசையிலதான் ரஷ்யா இருக்கு, எவனும் நம்ப மாட்டான்," என்றாள்.

அவர் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா ஊருக்கு நடக்க ஆரம்பித்தார்.