உட்கார்ந்தவர் பிடித்துக்கொள்ள வேண்டும்

“உக்காராதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனா இல்லையா?”

“கால் வலிச்சுது குணா, ஒரு நிமிஷம்…”

“அவனுக்கு அது போதுமே!”

“பாவம், நின்னுக்கிட்டே இருந்தான்.”

“தவளை நின்னா உங்களுக்கென்ன?”

கூடத்தில் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் கட்டைவிரல் அளவில் ஒரு நீலத் தவளை. பெயர் மயில்துத்தம். விஷத் தவளை இனம். குணவதி வாழைப்பழத்தில் ஈ வளர்த்துப் போட்டதில் விஷம் போய்விட்டது. ரோஷம் மட்டும் மிச்சம்.

அந்த இனத்தில் தலைப்பிரட்டையை அப்பன்தான் முதுகில் சுமந்துபோய், தொட்டிக்குள் இருக்கும் செடியின் இலைக்குழியில் தேங்கிய தண்ணீரில் விடவேண்டும். மயில்துத்தமோ டவுன் பஸ் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. நிற்கிறவர் குழந்தையை நீட்டினால் உட்கார்ந்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும். ராத்திரி குணவதியின் புருஷன் ஏகாம்பரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். அது நீட்டியது. வாங்கிவிட்டார்.

தலைப்பிரட்டை இப்போது அவர் முதுகில். இன்னொருவர் உட்கார்ந்து வாங்கினால்தான் இறங்கும். சுமக்கிறவர் தொட்டிக்குள் போகவேண்டுமே, அதற்குத் தோதாக அவர் சிறுத்துக்கொண்டே வந்தார். விடியும்போது சன்னல் உயரம். சாம்பார் கொதிப்பதற்குள் முக்காலி உயரம்.

எதிர்வீட்டு பிலோமினா உறைமோர் கேட்டு வந்தாள்.

“அண்ணன் இளைச்சிட்டாரேக்கா. வாக்கிங்கா?”

“ஆமா. உக்காரேன் பிலோ.”

பிலோமினா நாற்காலியைப் பார்த்தாள். ஏகாம்பரத்தின் முதுகையும் பார்த்தாள்.

“இல்லக்கா, அடுப்புல பால் வச்சிருக்கேன்.”

மோரை வாங்காமலே போய்விட்டாள்.

“உள்ள குளுகுளுன்னு இருக்கும்போல குணா.” தம்ளர் உயரத்திலிருந்து குரல் வந்தது.

“இருக்கும். காபி கிடையாது. ஈதான்.”

ஏகாம்பரத்தின் முகம் விழுந்துவிட்டது. “அப்ப நீ உக்காந்து வாங்கிக்கயேன்.”

“நான் உள்ள போயிட்டா காபி யாரு போடுவா?”

தொட்டிக் கதவு தானாகத் திறந்து காத்திருந்தது. அவர் செருப்பைத் தேடினார். போய்விடுவார் போலிருந்தது.

குணவதி திரும்பிப் பார்த்தாள். சுமை இறங்கிய மயில்துத்தம் அவருடைய சாய்வு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு ராசிபலன் படித்துக்கொண்டிருந்தது.

உட்கார்ந்திருந்தது.

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். புருஷனை உள்ளங்கையில் எடுத்து, முதுகு முன்னால் தெரியும்படி நிறுத்தினாள். நாற்காலி அருகே போய், மறு கையால் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கம்பி இருந்தது. கூடம் லேசாகக் குலுங்கியது.

“தம்பி, குழந்தையைக் கொஞ்சம் பிடிங்களேன். நான் இறங்கறப்ப வாங்கிக்கறேன்.”