ஆணழகனுக்கு ஒரு கேமரா

"ஸ்போர்ட்ஸா, கிளாமரா?" என்று கேட்டார் கேமராக் கடை நேசக்குமார் அண்ணாச்சி.

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

"ரெண்டுக்கும்னா எப்படி தங்கச்சி? ஸ்போர்ட்ஸுன்னா தூர லென்ஸ் வேணும், கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள அஞ்சாறு படம் விழணும். கிளாமர்னா மொகம் பளிச்சுன்னு, பின்னாடி எல்லாம் மங்கலா இருக்கணும். அது வேற லென்ஸ். யாரை எடுக்கப் போறிய?"

"எங்க வீட்டுக்காரரை."

"அவரு என்ன, கபடியா? ஓட்டமா?"

"ஆணழகன் போட்டி. மேடையில நிப்பாரு."

"நிப்பாரா? நின்னா அது என்ன ஸ்போர்ட்ஸ்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உப்பு விளைகிற ஊரில் இருந்துகொண்டு, உப்பில்லாமல் அவித்த கோழியை மாதக்கணக்கில் தின்று பார்த்தால் தெரியும், அது என்ன ஸ்போர்ட்ஸ் என்று. என் கணவர் தங்கப்பாண்டி முத்தையாபுரத்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே ஜிம்முக்குப் போகிற ஆள். போன வருடம் நான்காவதாக வந்தார். போட்டி நடத்தியவர்கள் பரிசு வாங்கியவர்களை மட்டும்தான் படம் எடுத்தார்கள். நான் மொபைலில் எடுத்ததிலோ, எண்ணெய் பூசிய உடம்பில் விளக்கு வெளிச்சம் பட்டு, அவர் நின்ற இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். முட்டி வலியால் இந்த வருடத்தோடு நிறுத்தப் போகிறார். வீட்டில் மாட்ட ஒரு நல்ல படமாவது அவருக்கு வேண்டாமா?

யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஒருவன் லென்ஸ்தான் முக்கியம் என்றான், இன்னொருவன் கேமராதான் முக்கியம் என்றான். மூன்றாவது ஆள் டி.எஸ்.எல்.ஆர். என்கிற பெரிய கேமராவின் காலமே முடிந்துவிட்டது என்று குண்டைத் தூக்கிப் போட்டான். அண்ணாச்சி வேறு மேசை மேல் நாலைந்தைப் பரப்பிவிட்டார். எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே மாதிரி. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"எங்கன உக்காருவிய?"

"மொத வரிசையில."

"அப்பம் தூர லென்ஸ் வேண்டாம். அது இருட்டுல திணறும்" என்று ஒரு சின்ன கேமராவில் குட்டையான லென்ஸ் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். நின்றால் ஸ்போர்ட்ஸா இல்லையா என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

போட்டியன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கேமராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் மேடைக்கு வந்தார். தோள், முதுகு, கையில் ஓடுகிற நரம்பு வரைக்கும் தெளிவாக விழுந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் முகம் மட்டும் சரியாக வரவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி விழித்துக்கொண்டு நின்றார்.

"ஏலே, சிரிலே!" என்று அவருடைய ஜிம் கோச் மேடைக்குக் கீழே இருந்து கத்தினார்.

அவர் சிரிக்கவில்லை. கேமராவில் எதையோ மாற்றி வைத்துவிட்டேனோ என்று இருந்த சக்கரத்தையெல்லாம் திருகினேன். மறுபடி எடுத்தேன். அதே முகம்தான். கண்கள் ஒவ்வொரு வரிசையாகத் தேடிக்கொண்டு வந்தன. என்மேல் பட்டன, நிற்காமல் தாண்டிப் போயின.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் தேடுவது என்னைத்தான். என் முகத்தைத்தான் நான் கேமராவால் மூடி வைத்திருக்கிறேனே!

கேமராவை இறக்கினேன். "அத்தான்!" என்று கத்தினேன்.

பார்த்துவிட்டார். மூச்சை இழுத்து, நெஞ்சை விரித்து, வாய் நிறையச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்த நடுவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

"எடுங்க, எடுங்க" என்று பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என் தோளை உலுக்கினாள்.

தூக்கினால் அந்தச் சிரிப்பு போய்விடும். கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.