லிவர் மாறிய வண்டி

…இடது கை தூக்கும், வலது கை இழுக்கும், இடது தூக்கும், வலது இழுக்கும், இதைப் போய் ஒரு மனுஷன் மனப்பாடம் பண்ணிக்கொண்டிருப்பானா, அதுவும் மீசை நரைத்த பிறகு, இத்தனை வருஷம் மண்ணைத் தோண்டியே சாப்பிட்ட பிறகு, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சீட்டில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டு… நல்லவேளை, இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. கண்ணாடிக்கு வெளியே, குழி தோண்டக் கூப்பிட்ட வீட்டுக்காரர் கையில் கோப்பையோடு நின்று அவன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார், டிரைவர் பாட்டுப் பாடுகிறான் என்று நினைத்திருப்பார், நினைத்துக்கொள்ளட்டும். டிரைவர் இல்லை, ஓனர். டீக்கடையில் ஒருவன் "வாங்க ஓனர் சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான், மற்றவர்கள் சிரித்தார்கள், அவனுக்கும் சிரிப்பு வந்தது, உள்ளே எங்கேயோ கொஞ்சம் பெருமையும் எட்டிப்பார்த்தது, இல்லை என்று சொன்னால் பொய். மண் தோண்டுகிற சொந்த வண்டி. பழசுதான், யார் யாரோ ஓட்டிக் களைத்துப்போன வண்டிதான், ஆனாலும் சாவி அவனுடையது. எல்லாம் சரி, இந்த லிவர் மட்டும்… பாழாய்ப்போன இந்த இரண்டு லிவர். முதலாளியிடம் ஓட்டின வண்டியில் வலது கை லிவரை இழுத்தால் பூம் என்கிற பெரிய தூக்குத்தண்டு பக்கெட்டோடு மேலே எழும்பும், அதன் முனையில் முழங்கை மாதிரி மடங்குகிற ஆர்மை இடது கை பார்த்துக்கொள்ளும். இந்த வண்டியில் அப்படியே தலைகீழ். இடது கை பூமைத் தூக்குகிறது, வலது கை ஆர்மை உள்ளே இழுக்கிறது. எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு ஏற்பாடு செய்தான்? உலகத்தில் எல்லா லாரிக்கும் பிரேக் ஒரே இடத்தில்தானே இருக்கிறது?

வாங்கும்போதே தெரியும், தெரியாமல் ஏமாந்தான் என்று யாரையும் திட்ட வழியில்லை. விற்றவனோடு இருந்த மெக்கானிக் நல்ல பையன், வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு, "அண்ணே, நீங்க ஓட்டினது வேற மாதிரி. லிவருக்குப் போற ஆயில் ஹோஸை மாத்திப் போட்டுத் தரேன், கை பழையபடி ஆயிடும், ஒரு நாள் வேலைதான்" என்றான். அதற்கு இவன் என்ன சொல்லித் தொலைத்தான்? "தம்பி, நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டுவேன். அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்." சுற்றி ஆட்கள் நின்றார்கள், அதுதான் காரணம், வேறென்ன. யாரும் இல்லாத இடமாக இருந்தால் மாற்றிக் கொடு ராஜா என்று வாங்கி வந்திருப்பான். கூட்டத்தைக் கண்டால் அவன் வாய் அவன் பேச்சைக் கேட்காது. அப்புறம் வீட்டில் தரையில் உட்கார்ந்து, இரண்டு கரண்டிகளை முழங்காலுக்கு நடுவே நட்டு வைத்துக்கொண்டு, இடது தூக்கும், வலது இழுக்கும்… மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "காத்துல எவ்ளோ மண்ணுப்பா அள்ளிட்டீங்க?" என்று கேட்டாள். அவனும் சேர்ந்து சிரித்தான், என்ன செய்ய. மனைவி மட்டும் சிரிக்கவில்லை, அடுப்படியில் நின்று அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் டமாரென்று ஒரு பாத்திரம் விழுந்தது, தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு, "கைதவறிடுச்சு" என்று எடுத்து வைத்தாள். அதையும் சொல்லி மகள் சிரித்தாள், பாத்திரம் விழுந்ததும் அப்பா கரண்டியை எப்படி இழுத்தார் என்று நடித்துக் காட்டினாள்.

இப்போது பார், அந்தப் பாத்திரக்காரிதான் குழி ஓரத்தில் நின்று கை காட்டுகிறாள். வண்டி வாங்கிவிடலாம், குழியின் அடியைப் பார்த்து இன்னும் இறக்கு, போதும் நிறுத்து என்று கை காட்ட ஒரு ஆள் வேண்டாமா? முதலாளியிடம் மொட்டை என்று ஒருவன் இருந்தான், வண்டியை ஒட்டியே நிற்பான், தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்திக்கொண்டே இருப்பான், ஏய் ஏய் ஏய், அவன் கத்துவதைக் கேட்டுக் கேட்டே இவன் கை வேலை செய்து பழகிவிட்டது. வருகிறேன் என்றுதான் சொன்னான் மொட்டை, முதலாளி முகம் சுளித்ததும் பின்வாங்கிவிட்டான், அவன் பிழைப்பு அவனுக்கு. "கை காட்டறதுதானே? நான் காட்டறேன். கல்யாணமான நாள்லேர்ந்து உங்களுக்கு அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் சொன்ன இடத்தில் நிற்கிறாளா என்றால் இல்லை. குழிக்கு இந்தப் பக்கம், வண்டி ஊன்றியிருக்கிற இரும்புக் காலுக்குப் பக்கத்தில் நில், மொட்டை அங்கேதான் நிற்பான் என்று காலையிலிருந்து எத்தனை தடவை சொல்வது? இறங்கிப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்தினான். மண்வெட்டியை அங்கே சாய்த்து வைத்துவிட்டு, இவன் ஏறி உட்காருவதற்குள் பழையபடி குழிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். "அவ்ளோ தள்ளி நின்னா உன் கை எனக்கு எப்படித் தெரியும்?" "தெரியுதுல்ல? அப்புறம் என்ன?" பிடித்தால் பிடித்த பிடி. வீட்டில் வாய் ஓயாதவள், கரப்பான்பூச்சியைப் பார்த்தால் தெருவே கூடுகிற மாதிரி அலறுகிறவள், இங்கே வந்ததிலிருந்து ஒரு சத்தம் இல்லை, எல்லாம் கைதான், மேலே, கீழே, போதும். வெட்கமாக இருக்கும், வீட்டுக்காரர் நிற்கிறாரே. வீட்டுக்காரருக்கோ வாய் மூடவே இல்லை. "பாத்துப்பா, குடிதண்ணி பைப்பு இங்கதான் எங்கேயோ போகுது." எங்கேயோ! வீடு கட்டிக் குடியிருக்கிறவருக்கே எங்கேயோ என்றால், கழிவுநீர்க் குழாய்க்குக் குழி தோண்ட இன்று காலையில் வந்தவனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வேலை ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். சுவரை ஒட்டி வெட்டவேண்டும், மேலே ஜன்னல் ஓரம், கீழே பைப்பு, கொஞ்சம் பிசகினாலும் போச்சு, முதல் வேலையே பொல்லாத வேலை. ஒரு பெரிய கல் தட்டுப்பட்டது, அதைக்கூடப் பதமாகப் புரட்டி ஓரமாகத் தள்ளினான். பிறகு மண் இளகி வந்தது, பக்கெட் நிறைந்து நிறைந்து வெளியே போனது, முணுமுணுப்பு எப்போது நின்றது என்றே தெரியவில்லை, இடது எது வலது எது என்ற நினைப்பே இல்லை. அட, கை பழகிவிட்டது என்று தோன்றியது, அடுத்த வேலை எங்கே கிடைக்கும், அந்தப் பெரிய காலிமனைக்காரரைப் போய்ப் பார்த்தால் என்ன, வண்டிப் பக்கத்தில் போன் நம்பர் எழுதவேண்டும், எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும்… அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் அலறினார். "பைப்பு! பைப்பு! ஐயோ நிறுத்து!" மண்ணுக்குள் நீலமாக ஏதோ தெரிந்தது, தெரிந்ததா இல்லையா, அதற்குள் பழைய பழக்கத்தில் வலது கை இழுத்துவிட்டது. மேலே போ, மேலே போ என்று உடம்பு முழுக்கச் சொல்ல, பக்கெட் மேலே போகாமல் அவனைப் பார்த்து வந்தது. குழியின் இந்தக் கரையைப் பிய்த்துக்கொண்டு, சரசரவென்று, வண்டியின் கால் வரைக்கும். மண்வெட்டியின் காம்பு படக்கென்று ஒடிந்த சத்தம் இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. இரண்டு கையையும் நெருப்பைத் தொட்டவன் போல விட்டான். பைப்பு பக்கெட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் பிழைத்தது. வீட்டுக்காரர் எட்டிப்பார்த்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக, "அடேயப்பா! தொடாம இழுத்துட்டீங்களே! கை சுத்தம்ங்க உங்களுக்கு!" என்றார். கை சுத்தமாம்.

மண்வெட்டி நின்ற இடம்… அங்கேதான் அவளைக் கொண்டுவந்து நிறுத்தினான், கையைப் பிடித்து, தன் கையாலேயே. அவள் அந்தப் பக்கம் அசையாமல் நின்றாள், முகத்தில் பயமில்லை, ஆச்சரியம்கூட இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எதிர்பார்த்தவள் முகம். பாத்திரம் கைதவறியா விழுந்தது அன்றைக்கு? அவன் முதுகுக்குப் பின்னால், அவன் கையைப் பார்த்தபடி… அவன் எந்தக் கரண்டியை இழுத்தான் என்று மகள் நடித்துக் காட்டினபோது அவள் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பயந்தால் இந்த மனுஷன் பழையபடிதான் இழுப்பார், இழுத்தால் அது இந்தப் பக்கம்தான் வரும், அந்தப் பக்கம் நின்றால் போதும்… கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறாள். இப்போது கையை உயர்த்தினாள், தூக்கு என்று. தூக்கவேண்டும். எந்தக் கை? இடதா? இடது தூக்கும்… இல்லை, அது எந்த வண்டி? இவ்வளவு நேரம் அள்ளிய மண் அங்கே குவிந்து கிடக்கிறது, அதை அள்ளியது இவன்தான், எப்படி அள்ளினான் என்று கேட்டால் இவனுக்கே தெரியவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஹோஸை மாற்றச் சொல்லலாம், இன்றைக்கே. மாற்றினால்? இவன் கை இப்போது பாதி புதுசுக்குப் போய்விட்டதே, பழசும் முழுசாகப் போகவில்லை, புதுசும் முழுசாக வரவில்லை, மாற்றிவிட்டால் எது பயத்தில் வரும், எது நிதானத்தில் வரும்? முதலாளியிடமே திரும்பிப் போகலாம். அங்கே வந்திருக்கிற புது டிரைவர் சீட்டுக்கு உறையே மாற்றிவிட்டானாம், போனவன் வாடைகூட இருக்கக் கூடாது என்று. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர், அவன் நடுவில் இரண்டு லிவரோடு.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினான். டயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். வீட்டுக்காரர் கோப்பையை நிரப்பிவர உள்ளே போயிருந்தார். அவள் குழியைச் சுற்றிக்கொண்டு வந்தாள், நடையில் ஏதோ சரியில்லை, ஒரு காலை மெதுவாக ஊன்றினாள். பார்த்தான். செருப்பு நனைந்து கறுத்திருந்தது, கட்டைவிரல் நகம் பெயர்ந்து மண்ணும் ரத்தமுமாகக் காய்ந்துபோய்… காய்ந்துபோய் என்றால் எப்போது? இப்போது பக்கெட் அவள் பக்கம் வரவே இல்லையே.

"இது எப்ப ஆச்சு?"

"அப்பவே. அந்தப் பெரிய கல்லைப் புரட்டினீங்கல்ல, அது உருண்டு வந்து…"

"ஏம்மா, சொல்லக் கூடாது? ஒரு சத்தம் போடக் கூடாது? வாயில்லையா உனக்கு?"

"சத்தம் போட்டா நீங்க…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள், குனிந்து சட்டையின் நுனியால் விரலைத் துடைத்தாள். "ஒண்ணுமில்லை, நகம்தானே, முளைச்சிடும். ஏறுங்க, பொழுது போகுது. மண்வெட்டி ஒடிஞ்சதுக்கு அவர் ஏதாவது சொல்வாரோ?" "அது நம்மளுது" என்றான். "அப்ப சரி" என்றாள், என்னவோ பெரிய கவலை தீர்ந்த மாதிரி.

கண் கலங்கியது, அவளுக்குத் தெரியாமல் தோளில் துடைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. பாதிக் குழியை விட்டுவிட்டுப் போனால் இந்தத் தெருவில் இனி யார் கூப்பிடுவார்கள், ஏறாவிட்டால் வேறு என்ன செய்வான், அவளும் நொண்டிக்கொண்டே அந்தப் பக்கம் போய்விட்டாள். ஏறி உட்கார்ந்தான், சாவியைத் திருப்பினான், சீட்டு அதிர்ந்தது. கல் உருண்டு வந்து விரலில் விழும்போது மனுஷனுக்குக் கத்தாமல் இருக்க முடியுமா? வலிக்கு முன்னாலேயே ஒருத்தி முடிவு செய்துவிட்டு வந்திருந்தால் தவிர… கல் விழுந்ததற்குப் பிறகும்தானே கையை உயர்த்தி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காட்டினாள்? ஒரு வீட்டுக்காரர் கத்தினதற்கே கை இப்படிப் போகிறதென்றால், அவள் கத்தினால் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இந்த வண்டி ஓடுகிற வரைக்கும், இன்றைக்கு, நாளைக்கு, எந்தக் குழியின் ஓரத்தில் நின்றாலும், அவள் மேல் என்ன விழுந்தாலும், சரிந்தாலும், அவனுக்கு ஒரு சத்தமும் கேட்கப்போவதில்லை. அந்தப் பக்கம் அவள் கையை உயர்த்தினாள். கையைப் பார்க்கவேண்டியவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், அது இறுக மூடியிருந்தது.