கிழங்கு வெந்த தண்ணீர்

யுத்தத்தால் மலைக்கு அரிசி ஏறி வருவது நின்றுபோயிருந்தது. முந்தின வருஷம் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மரவள்ளிக் குச்சிகள் தலைச்சுமையாக வந்தன. மலைமேல் எங்கள் அரியூர் நாட்டில் பலருக்கு அது புதுப் பயிர். கூடவே ஒரு துண்டுப் பிரசுரமும் வந்தது. கிழங்கு பிடுங்கும் நாள் வந்ததும், அதைச் சுருக்கிப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் எழுதினேன். படித்து விடை சொல்லும் பயிற்சிக்காக.

'மரவள்ளியில் கசக்கும் வகை உண்டு. அதில் நஞ்சு இருக்கிறது. தோலைச் சீவி, துண்டாக்கி, மூடாமல் வேகவைக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.'

பிள்ளைகள் ஒரே குரலில் வாசித்தார்கள்.

"வெந்த தண்ணீரை என்ன செய்ய வேண்டும்? பாப்பாத்தி."

ஊர்க்கவுண்டர் செங்கோடனின் மகள் எழுந்தாள். "வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்."

பிழையில்லை. அடுத்த கேள்விக்குப் போனேன். பின்வரிசையில் சின்னராசு சிரித்தான்.

"என்னடா?"

"அவுங்க ஊட்டுல இன்னைக்குத்தான் கெழங்கு புடுங்கறாங்க சார். தண்ணியக் கொட்டுனா அவுங்கம்மா இவளையும் சேத்துக் கொட்டிப்போடும்."

"பின்னே என்ன செய்வீங்க?"

"குடிப்போமுங்க," என்றாள் பாப்பாத்தி. "புது வெள்ளாமையில மொதத் தண்ணி சாமிக்கு. அப்பறம் ஊட்டுல கடைசிப் புள்ளைக்கு."

"இப்போ என்ன படிச்சே?"

"அது பாடத்துக் கெழங்குங்க. எங்களுது காட்டுல வெளஞ்சதுங்க."

அவள் தம்பிக்கு இரண்டு வயது.

ஓடினேன். பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். வரப்பு வழுக்கியது. வெகுநாளாக நான் எதற்கும் இப்படி ஓடியதில்லை.

செங்கோடனின் மனைவி அத்தாயி வாசலில் கிழங்குத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, இப்படி எரைக்குது? கரடி தொரத்துச்சா?"

"பையன் தண்ணி குடிச்சானா?"

"குடிச்சுப்போட்டுத் தூங்கறானுங்க. கசக்குதுன்னு மொகத்தைச் சுளிச்சான். புடிச்சு ஊத்துனேன்."

தூளியை விலக்கினேன். என் மனைவி நாமகிரி போன வருஷம் மலைக்காய்ச்சலில் இப்படித்தான் தூங்கினாள். வாய் சற்றுத் திறந்து.

தூக்கினேன். தலை துவண்டது. கவிழ்த்துப் பிடித்து, தொண்டைக்குள் விரலை விட்டேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி விட்டேன்.

"ஐயோ, புள்ளையக் கொல்றாரே!" அத்தாயி என் கையைப் பிடித்து இழுத்தாள். "சாமித் தண்ணிங்க அது!"

பையனின் உடம்பு விறைத்தது. என் முழங்கைவரை கக்கினான். பிறகு அழுதான். உரக்க அழுதான்.

சத்தம் கேட்டுச் செங்கோடன் காட்டிலிருந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அடுப்பைப் பார்த்தேன். பானையில் கிழங்கு மட்டும் இருந்தது.

"மீதித் தண்ணி எங்கே?"

அவர் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "கவுண்டன் ஊட்டு மொதத் தண்ணி ஊருக்கே பங்குங்க. கைப்புள்ள இருக்கற ஊடாப் பாத்துக் குடுத்தனுப்பிச்சேன்."

"எந்தெந்த ஊடு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னராசு மேட்டைப் பார்த்து ஓடினான். அங்கேதான் அவன் வீடு; அவனுக்கு ஒரு கைக்குழந்தைத் தங்கை. "கொட்டுங்க! கொட்டுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினான். மற்றப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். குழந்தையை அத்தாயியிடம் கொடுத்துவிட்டு நான் மேட்டில் ஏறினேன்.

சின்னராசு தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். கையில் சொம்பு. அதை என் பக்கம் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டும் விழவில்லை.

"நானு கொட்டலீங்க சார்," என்றான்.