தண்டுக்கு இரண்டு பூ

1

இது கதையாக வந்திருக்கவே வேண்டியதில்லை. எங்கள் பாறைத்தோட்டச் சங்கத்தின் பத்திரிகைக்கு இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'டொப்ராவா ரகத்தை அடையாளம் காண்பது எப்படி?' உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்.

'சாக்சிஃப்ரேஜ் குடும்பத்தில், தண்டுக்கு இரண்டு பூ விடும் டொப்ராவா ரகமானது'

அதற்குமேல் கை ஓடவில்லை. அந்த வரி பொய். பதினோரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் பொய். அதைச் சங்கமே நம்புகிறது.

2

வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். 'திஷ்னோவ் ஊரில் மிலாடா என்றொரு பொறாமைக்காரி இருந்தாள்.' அரைப் பக்கம் போனது. பக்கம் நகர நகர மிலாடா நல்லவளாகிக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஒரு மூட்டுவலி கொடுத்தேன், இறந்துபோன ஒரு பூனையைக் கொடுத்தேன். வாசகர் அவளுக்காக இரக்கப்பட வேண்டும் என்று நான் பாடுபடுவது எனக்கே தெரிந்ததும் அடித்துவிட்டேன்.

மிலாடா கிடையாது. நான்தான். பெயர் ஹெட்விகா. முப்பத்தைந்து வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். ஊரில் இன்னும் 'மருந்துக்காரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் என் தம்பி ஹினெக்கும் அவன் மனைவி டாரினாவும் இருக்கிறார்கள். வேலியில் ஒரு பலகை இல்லை. அந்த வழியாகத்தான் போக்குவரத்து.

3

இந்தச் சாக்சிஃப்ரேஜ் செடிகளை இங்கே கல்லுடைப்பான் என்பார்கள். மலையில் பாறை வெடிப்பில் முளைக்கும். நாங்கள் துளைத் துளையான சுண்ணாம்புக் கல்லைப் பாத்தியில் பதித்து, அதில் குழி போட்டு நடுகிறோம். சாம்பல் நிறத்தில் உள்ளங்கையளவு மெத்தை போல இறுகி வளரும். பனி உருகும்போது மெத்தையே தெரியாமல் பூக்கும்.

ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவது லேசில்லை. இலை விளிம்பில் சுண்ணாம்பு கசிந்து வெள்ளைப் புள்ளிகளாகக் காய்ந்திருக்கும். உருப்பெருக்கியில் அவற்றை எண்ண வேண்டும். தண்டின் ரோமம் சிவப்பா பச்சையா, தண்டுக்கு எத்தனை பூ, எல்லாம் பார்க்க வேண்டும். இதில் என்னை மிஞ்ச சங்கத்தில் ஆளில்லை. (அடக்கமாகச் சொல்ல முயன்றேன், வரவில்லை.)

ஆனால் என் கையில் செடி பிழைக்காது. மூன்றாம் வருடம் மெத்தையின் நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் விழும், பிறகு முழுதும் போகும். தண்ணீர், நிழல், மண் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். நோட்டுகள் மட்டும் பிழைத்தன.

டாரினாவுக்கு ஒரு பெயரும் தெரியாது. தயிர் டப்பாவில் விதை போடுவாள். பல்குத்தும் குச்சியால் நாற்றைப் பிரிப்பாள். 'கோபக்காரி', 'குட்டை வெள்ளை', 'ஞாயித்துக்கிழமை வந்தது' என்று கூப்பிடுவாள். எல்லாம் வளரும். ப்ராக் வசந்தக் கண்காட்சியில் இரண்டு வருடம் தொடர்ந்து அவளுக்குப் பரிசு. அந்தச் சட்டிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான். ஹினெக் அவளுக்குக் கல்லில் குழி போட்டுக் கொடுப்பான். எனக்குப் போட்டுத்தர யாருமில்லை. (இதுவும் பொய். கேட்டிருந்தால் போட்டிருப்பான்.)

4

பதினோரு வருடத்துக்கு முன், ஒரு மார்ச் மாதம், டாரினா ஒரு சட்டியை ஏந்திக்கொண்டு பலகை இல்லாத இடத்தில் நுழைந்தாள்.

"ஹெடா, இது என்னன்னு பாரேன். நானே விதை போட்டது. இந்த வருஷம்தான் பூத்திருக்கு."

மங்கிய மஞ்சள். நடுவில் துளி சிவப்பு. தண்டுக்கு இரண்டு பூ. ஒவ்வோர் இலையிலும் ஏழு புள்ளி. இருக்கிற ரகங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இது அவற்றில் இல்லை. புதியது. முறைப்படி பதிந்தால் பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு. அவள் பெயர் ரகங்களின் பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலைச் சங்கத்தில் ஒப்பிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதை இனி அவள் பெயரோடு ஒப்பிக்க வேண்டும்.

"இது பழசுதான்," என்றேன். "டொப்ராவா. இப்ப யாரும் வளக்கறதில்ல."

"விதையிலேர்ந்து வந்துச்சே."

"கருங்குருவி எங்கேர்ந்தாவது ஒரு துண்டைப் பிடுங்கிட்டு வந்து சட்டியில போட்டிருக்கும். அதுதான் வேர் பிடிச்சிருக்கு."

டாரினா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி, நீ சொன்னா சரி," என்றாள். கொண்டுவந்திருந்த கசகசா பன்னை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

[இந்த இடத்தில் அவள் ஏன் மறுத்துப் பேசவில்லை என்று மூன்று தடவை மாற்றி எழுதினேன். அப்பாவி, சோம்பேறி, பெயரில் அக்கறையில்லாதவள். மூன்றும் டாரினா மேல் உட்காரவில்லை. காரணம் தெரியாமலே மேலே எழுதினேன்.]

5

டாரினா கேட்டவர்களுக்கெல்லாம் அந்தச் செடியைக் கிள்ளிக் கொடுத்தாள். நாலைந்து வருடத்தில் அது 'டொப்ராவா' என்ற சீட்டோடு எல்லார் பாத்தியிலும் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் கண்காட்சியில், செடிகளை அடையாளம் சொல்ல நான் உட்கார்ந்திருந்த மேசைக்குக் கொஸ்டெல்கா வந்தார். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். செய்தித்தாள் சுற்றிய சட்டியை மெல்லப் பிரித்தார்.

"மருந்துக்காரம்மா, எல்லார்கிட்டயும் இருக்கிற டொப்ராவா ரெண்டு பூ விடுது. என்னுது ஒண்ணுதான். நாப்பது வருஷமா ஒண்ணுதான். எது சரிங்க?"

ஒற்றைப் பூ. இலைக்கு ஐந்து புள்ளி. உண்மையான டொப்ராவாவை அன்றுதான் முதன்முறையாக உயிரோடு பார்த்தேன்.

"உங்களுது வேற எதுவோ," என்றேன்.

"இந்த ரகத்த உருவாக்கினவரே கையால கொடுத்தாருங்க."

"அவருக்கே சட்டி மாறியிருக்கலாம்."

அவர் தாளை மறுபடி சுற்றினார். மடிப்பு பழைய மடிப்பிலேயே விழ வேண்டுமென்று பார்த்துப் பார்த்துச் சுற்றினார். அடுத்த வருடம் வந்து, பழையதைப் பிடுங்கிவிட்டு 'சரியானதை' நட்டுவிட்டதாகச் சொல்லி எனக்கு நன்றி சொன்னார்.

6

போன ஞாயிறு காலை டாரினாவிடம் போனேன். கட்டுரையின் முதல் வரி நின்றுபோய் நாலு நாள் ஆகியிருந்தது. இடுக்கியால் ஒரு மெத்தையிலிருந்து பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஹினெக் தள்ளி நின்று கல்லைத் துளைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியதாயிற்று. பாவத்தைக் கத்திச் சொல்வது கஷ்டம்.

"அது டொப்ராவா இல்ல, டாரினா. உன் செடி. புதுசு. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"அன்னைக்கே. கருங்குருவின்னியே! அந்தச் சட்டி சமையக்கட்டு ஜன்னலுக்கு உள்ள இருந்துச்சு. குருவி கதவத் தட்டிட்டா வந்துச்சு?"

"அப்புறம் ஏன் பேசாம இருந்த?"

"உன் கழுத்தெல்லாம் செவந்துபோச்சு, ஹெடா. அந்தப் பொய் உனக்கு அவ்ளோ வேணுமா இருக்கு போலன்னு தோணுச்சு. பேர்தானே. பேர் மாறினா செடி செத்தா போயிடும்?"

[இங்கே நான் எழுத வேண்டியது நன்றி. வருவது எரிச்சல். நான் உருப்பெருக்கி வைத்து எண்ணித்தான் எதையும் கண்டுபிடிப்பேன்; அவள் என் பொய்யைச் சும்மா ஒரு பார்வையில் பார்த்திருக்கிறாள். மன்னிப்பையும் அவளே சுலபமாக வளர்த்துவிட்டாள்.]

அந்த எரிச்சலில்தான் கொஸ்டெல்கா விஷயத்தையும் சொன்னேன்.

இடுக்கி நின்றது. "பிடுங்கிட்டாரா?"

"ம்."

"நல்ல செடியையா? உயிரோட இருந்ததையா?" அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. ஹினெக் துளைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினான். "என்கிட்ட நீ என்ன வேணா சொல்லிக்கோ. அந்தச் செடி உன்ன என்ன பண்ணுச்சு? போன் பண்ணு. இப்பவே பண்ணு. என் முன்னாடி."

பண்ணினேன். கொஸ்டெல்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"பிடுங்கினப்போ ரெண்டு மூணு கொத்த யாருக்கோ கொடுத்தேங்க," என்றார் கடைசியில். "கண்காட்சிக்கு வந்தவங்க. பேர் ஞாபகமில்ல." பிறகு, "நான் உங்கள நம்பினேன், மருந்துக்காரம்மா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று அழுகிறேன். (அழமாட்டேன். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.) இன்னொன்றில் கொஸ்டெல்காவின் பாத்தியில், கல்லிடுக்கில் விட்டுப்போன ஒரு துணுக்கு துளிர்க்கிறது. (புதன்கிழமை டாரினா என்னை இழுத்துக்கொண்டு போனாள். மண்டியிட்டு ஒவ்வொரு கல்லாகப் பார்த்தோம். கொஸ்டெல்கா காப்பி கொடுத்தார், உட்காரச் சொல்லவில்லை. துளிர் எதுவுமில்லை.) மூன்றாவதில் புதிய செடிக்கு டாரினா என் பெயரை வைக்கிறாள். அதை எழுதும்போதே என்மேல் அருவருப்பு வந்தது. உண்மையில் அவள் அதை எப்போதும் 'குறும்புக்காரி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அப்படியே பதியச் சொல்லிவிட்டாள்.

எனவே முடிவு என்னிடம் இல்லை. இதைப் படிக்கும் உங்களில், அன்று கொஸ்டெல்காவிடம் கொத்து வாங்கிய ஒருவரிடம் இருக்கலாம். சீட்டில்லாமல், 'வேற எதுவோ' என்று ஒதுக்கி வைத்த ஒரு மெத்தை உங்கள் பாத்தியின் ஓரத்தில் இருக்கிறதா? மார்ச்சில் பாருங்கள். மங்கிய மஞ்சள், தண்டுக்கு ஒரே பூ. இலை விளிம்பை வெளிச்சத்தில் பிடித்து எண்ணுங்கள்: ஐந்து புள்ளி. அப்படியிருந்தால் பொட்டளவு ஒரு கொத்தைக் கிள்ளி, ஈரப்பஞ்சில் சுற்றித் தபாலில் போடுங்கள்.

எனக்கு வேண்டாம். என் கையில் அது மூன்று வருடம் தாங்காது. டாரினாவுக்கு அனுப்புங்கள்.